ஹாமிது வகுக்காமல் வைத்திருந்த எண்

காயல்பட்டினத்துத் தெருவில் ஓர் ஆண்பிள்ளையைக் கண்டால் கேட்பதற்கென்று இரண்டு கேள்விகள் உண்டு. எப்பம் வந்தீங்க? எப்பம் பயணம்? முதல் கேள்விக்கு வாய் திறப்பதற்குள் இரண்டாவது வந்து நிற்கும். ஹாமிது துபாயை ஒரேயடியாக முடித்துக்கொண்டு ஊரோடு வந்து, ஒரு ரமலான் கழிந்து அடுத்த ரமலானும் கிட்டே வந்துவிட்டது. ஆனாலும் பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் ஒளூ செய்ய உட்கார்ந்தால், பக்கத்தில் இருப்பவர் முழங்கையில் தண்ணீரை வழித்துவிட்டுக்கொண்டே அதைத்தான் கேட்பார்.

"எப்பம் பயணம், ஹாமிது?"

"இனிமே பயணம் இல்ல காக்கா. முடிச்சிட்டு வந்தாச்சி."

"மாஷா அல்லாஹ். நல்லது, நல்லது" என்பார் அந்த மூத்தவர். அடுத்த வெள்ளிக்கிழமை அதே ஆள், அதே இடத்தில், அதே முழங்கையைக் கழுவிக்கொண்டு அதையே கேட்பார்.

ஊரைக் குற்றம் சொல்வதற்கில்லை. முப்பது வருடத்தில் இந்த ஊர் அவரைத் தொடர்ந்தாற்போல் ஒரு முழு வருடம் பார்த்ததே இப்போதுதான். வீடும் அப்படித்தான். அது ருகையாவின் வீடு. அவளுடைய உம்மா கல்யாணத்தில் எழுதிக் கொடுத்தது. பெண்ணுக்கு வீடு, அதில் வந்து சேர்கிறவர் மாப்பிள்ளை, இதுதான் ஊர் வழக்கம். முன்வாசல் தெருவைப் பார்த்தது, ஆண்களுக்கு. பின்வாசல் முடுக்கைப் பார்த்தது. அந்த ஒடுக்கமான சந்து வழியாகப் பெண்கள் வீட்டுக்கு வீடு போவார்கள், வருவார்கள், மீன் வாங்குவார்கள், உட்கார்ந்து பேசுவார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு நிலைக்கதவும் அதில் ஒரு திரையும். உள்ளே யாராவது பெண்கள் இருக்கக்கூடும் என்பதால் ஹாமிது தண்ணீர் குடிக்கப் போவதானாலும் ஒரு கனைப்புக் கனைத்துவிட்டுத்தான் போவார். கனைத்ததும் உள்ளே பேச்சு நின்றுவிடும். ஒருத்தி முக்காட்டை இழுத்துவிட்டு எழுந்திருப்பாள். இன்னொருத்தி, "மாப்பிள்ள வாராஹ" என்பாள். ஐம்பத்தேழு வயதிலும் மாப்பிள்ளைதான். அவர் தண்ணீரைக் குடித்துவிட்டு முன்னறைக்குத் திரும்பிய பிறகுதான் பேச்சு மறுபடி கிளம்பும்.

லீவில் வந்த காலங்களில் இதெல்லாம் அவர் கண்ணில் பட்டதே இல்லை. ஒன்றரை மாதம் விருந்தும் கைலாகு கொடுப்பதும் பெட்டி பிரிப்பதுமாக ஓடிவிடும். அப்போது ருகையா அவருக்குக் கண்ணாடித் தட்டில் சோறு வைப்பாள், பூப்போட்ட கிண்ணத்தில் கறி வைப்பாள். இப்போதும் அதே தட்டு, அதே கிண்ணம். அவளும் மகள் ஜஹ்ராவும் எவர்சில்வர் தட்டில் உள்ளே உட்கார்ந்து பழைய கறியைச் சுண்டவைத்துச் சாப்பிடுவார்கள். அந்த வாசனை முன்னறைக்கு வரும். கறி வராது.

"எனக்கும் அதுல கொஞ்சம் வையேன்" என்று ஒருநாள் கேட்டார்.

"அய்ய, அது நேத்தயது. உங்களுக்கா?" என்று ருகையா திடுக்கிட்டாள். மறுநாள் அவருக்கென்று தனியாக இறால் பொரித்தாள்.

அடுப்படிக் குழாய் ஒழுகியபோது ஸ்பானரை எடுத்துக்கொண்டு போனார். "நீங்க ஏன் சிரமப்படுறீங்க? ஆள் வரச் சொல்லிக்கிறேன்" என்றாள். உண்மையிலேயே ஆள் வந்தான். அவனுக்கு அந்த வீட்டுக் குழாய்களை எல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற பழக்கம். எந்த வால்வு எந்தச் சுவருக்குள் இருக்கிறது என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. மாடியில் எந்த ஜன்னல் மழைக்கு அடைக்காது என்று ஜஹ்ராவுக்குத் தெரியும். வீட்டு வரியை எந்த மாதம் கட்டவேண்டும் என்று ருகையாவுக்குத் தெரியும். ஹாமிதுவுக்குத் தெரிந்ததெல்லாம் மாடி கட்டி முடித்த பிறகு பெயிண்ட் என்ன நிறம் என்று போனில் கேட்டதும், அவள் "நீங்க சொல்லுங்க" என்றதும், அவர் "ஒன் இஷ்டம்" என்றதும்தான்.

ஒருநாள் தூத்துக்குடிக்குப் பஸ் ஏறினார். இளவயதில் அங்கே துறைமுகத்தில் சரக்கை விடுவித்துக் கொடுக்கிற ஒரு கிளியரிங் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவர். கணக்குப் பைத்தியம் பிடித்ததும் அங்கேதான். கப்பலில் ஏறுகிற கன்டெய்னர் பெட்டி ஒவ்வொன்றிலும் நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் எழுதியிருக்கும். கடைசி இலக்கம் சும்மா போட்டதல்ல. முன்னால் இருப்பவற்றை ஒரு முறைப்படி பெருக்கிக் கூட்டிப் பதினொன்றால் வகுத்தால் வருகிற மீதி அது. யாராவது எண்ணை மாற்றி எழுதிவிட்டால் மீதி காட்டிக் கொடுத்துவிடும். உச்சிவெயிலில் யார்டில் நின்றுகொண்டு பெட்டி பெட்டியாக மனசுக்குள் வகுத்துப் பார்ப்பது அப்போது அவருக்கு ஒரு விளையாட்டு. மீதி சரியாக வந்துவிட்டால் யாரோ தோளில் தட்டிக் கொடுத்த மாதிரி இருக்கும்.

பஸ் முத்தையாபுரத்தைத் தாண்டும்போது பெட்டி ஏற்றிய லாரிகள் வரிசையாக நின்றன. ஜன்னல் வழியே இரண்டு பெட்டிகளை வகுத்தார். இரண்டும் சரி. துறைமுக ரோட்டு ஆபீசில் ஜெரால்டு என்ற இளைஞன் மேனேஜராக இருந்தான். பழைய முதலாளியின் பேரன். எழுந்து நின்று கும்பிட்டான்.

"சார், நீங்க வேல கேட்டு வரலாமா சார்? நீங்க ரெஸ்ட் எடுக்க வேண்டியவங்க. டீ சாப்பிடுங்க சார். நல்ல டீ."

நல்ல டீதான். குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார். அங்கேயும் கண்ணாடி டம்ளர்.

இந்த நிலைமையில்தான் சொரிமுத்துவின் குரல் வந்தது. சொரிமுத்து தூத்துக்குடிப் பக்கம் மாப்பிள்ளையூரணிக்காரன். துபாயில் தேராப் பகுதியில் ஒரே அறையில் ஹாமிதுவுக்கு மேல்கட்டிலில் படுத்தவன். அவருக்கு எட்டு வயது இளையவன், ஆனால் வம்புக்கு மூத்தவன். அந்த அறையில் வெள்ளிக்கிழமை என்றால் பிரியாணி, பிரியாணி என்றால் கணக்குப் புதிர். இருவரும் மாறிமாறிப் புதிர் போடுவார்கள். அடுத்த வெள்ளிக்குள் அவிழ்க்காதவன் அடிப்பிடித்த சட்டியைத் தேய்க்கவேண்டும். ஹாமிது ஊருக்குக் கிளம்பிய அன்று சொரிமுத்து விமான நிலையத்துக்கு வரவில்லை. டியூட்டி என்றான். அன்று அவனுக்கு டியூட்டி இல்லை என்பது ஹாமிதுவுக்குத் தெரியும்.

சனிக்கிழமை மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்து வாட்ஸ்அப்பைத் திறந்தார். அறையில் நாலு பேர் இரைச்சலுக்கு நடுவில் கேட்டுப் பழகிய காது. எதையும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் கேட்பார்.

"காக்கா, சும்மாதான இருக்கிய? சொகமா இருக்கியளா? கேளுங்க. ஒங்க பழைய சீட்டுல இருந்த மலையாளத்தான் போயிட்டான். மொதலாளி என்னக் கூப்ட்டு, ஏம்ல, ஒங்க காக்கா வருவாரான்னு கேக்காரு. விசா அவரே எடுக்காராம். வெள்ளிக்கெழம ஜும்மாவுக்குள்ள பதில் சொல்லணுமாம். நீங்க வாரேன்னும் சொல்ல மாட்டிய, வரலன்னும் சொல்ல மாட்டிய, ஒங்கள எனக்குத் தெரியாதா? அதனால ஒரு பந்தயம். கணக்கு ஒண்ணு போடுதேன். வெள்ளிக்குள்ள அவுத்துட்டியன்னா அங்கனயே ஜம்முனு இருங்க, நான் வேற ஆள் பாக்கச் சொல்லிருதேன். அவுக்கலன்னா மறுபேச்சு கெடையாது, பெட்டியத் தூக்கிட்டு இங்கன வந்திரணும். சரியா? கணக்கு இதான். ஒண்ணுல இருந்து ஒம்பது வரைக்கும், ஒவ்வொண்ணும் ஒரு தடவதான். வரிசயா வச்சி ஒரு பெரிய எண் ஆக்கணும். மொத ரெண்டு இலக்கத்த மட்டும் எடுத்தா ரெண்டால மீதியில்லாம வகுபடணும். மொத மூண எடுத்தா மூணால. நாலு எடுத்தா நாலால. இப்பிடியே எட்டு வரைக்கும் போயி, மொத்தமும் ஒம்பதால வகுபடணும். ஒரே ஒரு எண்தான் இருக்கு காக்கா. எனக்கு விடை தெரியும். பாப்பமா?"

குரல் நின்றபோது திரைக்கு அந்தப்பக்கம் பாத்திரச் சத்தமும் நின்றிருந்ததை அவர் கவனித்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பாத்திரம் உருண்டது.

ராச்சோறு வைக்கும்போது ருகையா ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாவது தடவை சோறு வைத்தபோது மட்டும், கரண்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"பெட்டி பரண்ல இக்கிது. எறக்கணுமா?"

ஹாமிது சோற்றை ஓரமாக ஒதுக்கினார். "பாப்பம்" என்றார்.

அவளுடைய வீட்டில் ஒரு பழக்கம். பயணம் என்று ஒரு பேச்சு வந்துவிட்டால் பெண்கள் 'போகாதீங்க' என்று சொல்லமாட்டார்கள். போகிற ஆளை வாயால் தடுத்துவிட்டால் போன இடத்தில் ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம். கல்யாணமான நாற்பதாம் நாள் அவர் முதல் பயணம் கிளம்பியபோதும் அவள் திரைக்குப் பின்னால் நின்று "அல்லா காவல்" என்று மட்டும்தான் சொன்னாள். அதற்குப் பிறகும் ஒவ்வொரு தடவையும் அதே இரண்டு சொல். முன்னெல்லாம் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஓர் அழுகை இருந்தது என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும். இப்போது இருக்கிறதா, இல்லையா? பெட்டியை இறக்கணுமா என்று கேட்டதில் எதுவும் பிடிபடவில்லை. நான் இல்லாமல் முப்பது வருடம் நடத்திய வீடு, இன்னும் முப்பது வருடம் நடக்காதா என்று நினைத்துக்கொண்டார். கை கழுவிவிட்டு, முன்னறைக் கட்டிலில் படுத்துக்கொண்டார்.

மறுநாள் கணக்கை எடுத்தார். தேதி கிழிக்கிற காலண்டரில் கிழித்த தாள்களை எறிய மனமில்லாமல் சேர்த்து வைத்திருந்தார். அதில் ஒன்று முதல் ஒன்பது வரை எடுத்துத் தரையில் பரப்பினார். ஃபேன் காற்றில் ஏழு கட்டிலுக்கடியில் போனது, நாலு வாசலுக்கு ஓடியது. ஃபேனை நிறுத்திவிட்டு வியர்வையோடு உட்கார்ந்தார்.

ஐந்து ஒரு வம்பும் பண்ணவில்லை. ஐந்தால் வகுபட வேண்டுமென்றால் கடைசியில் ஐந்தோ பூஜ்யமோ வரவேண்டும், பூஜ்யம்தான் கிடையாதே. அது நேராக ஐந்தாம் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. இரண்டு, நான்கு, ஆறு, எட்டு ஆகிய இடங்களில் இரட்டைப்படைதான் வரமுடியும். மிச்ச இடங்களில் ஒற்றைப்படை. ஒன்பதைப் பற்றிக் கவலையே இல்லை. எப்படி அடுக்கினாலும் கூட்டினால் நாற்பத்தைந்து, ஒன்பதுக்கு அடங்கிவிடும்.

திங்கட்கிழமை நான்கையும் எட்டையும் பிடித்தார். நான்காம் இடத்துக்கு முன்னால் நிற்பது ஒற்றைப்படை. அதனால் அங்கே இரண்டு அல்லது ஆறுதான் பொருந்தும். எட்டாம் இடத்திலும் அப்படியே. அப்படியானால் நான்கும் எட்டும் இரண்டாம், ஆறாம் இடங்களுக்குப் போகவேண்டும். பிறகு மூன்றின் கணக்கு. நடுவில் வருகிற மூன்று தாள்களின் கூட்டுத்தொகை மூன்றுக்கு அடங்கவேண்டும். அது இரண்டு விதமாகத்தான் முடியும்: இரண்டு-ஐந்து-எட்டு, அல்லது ஆறு-ஐந்து-நான்கு. செவ்வாய்க்கிழமை மாலை அஸர் பாங்கு சொல்லும்போது, லட்சக்கணக்கில் இருந்த எண்கள் எல்லாம் உதிர்ந்து கையில் பத்தே பத்து மிஞ்சின.

இன்னும் பார்க்காதது ஏழின் கணக்கு ஒன்றுதான். ரெண்டுக்கு வழி உண்டு, மூன்றுக்கு உண்டு, எட்டுக்குக்கூட உண்டு. ஏழுக்கு அப்படிக் கண்ணால் பார்த்ததும் சொல்லிவிடுகிற வழி எதுவும் அவருக்குத் தெரியாது. பத்தையும் ஒவ்வொன்றாக உட்கார்ந்து வகுத்துத்தான் பார்க்கவேண்டும். ஓடுகிற பஸ்ஸிலிருந்து பதினொன்றால் வகுக்கிற மனுசனுக்கு அது ஒரு டீ குடிக்கிற நேரத்து வேலை.

வகுக்கவில்லை.

புதன்கிழமை தாள்களை எடுத்தார், பத்தில் ஒன்றை அடுக்கினார், பார்த்துக்கொண்டே இருந்தார். வகுத்தால் வந்துவிடும். வந்துவிட்டால் இந்த முன்னறை, இந்தக் கண்ணாடித் தட்டு, இந்தக் கனைப்பு, இவ்வளவும் தனக்கு நிரந்தரம் என்று ஆகிவிடும். வராவிட்டால் மேல்கட்டிலில் சொரிமுத்துவின் குறட்டையும், காலையில் வாளிக்கு வரிசையும், "காக்கா, எந்திரிங்க" என்று அதட்டுகிற ஒரு குரலும். அங்கேயும் தனிமைதான், அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் அங்கே தனியாக இருப்பதற்கு ஒரு காரணம் இருந்தது, வீடு தூரத்தில் இருக்கிறது என்று. வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு என்ன காரணம் சொல்வது? வியாழக்கிழமையும் தாள்கள் தரையில் அப்படியே கிடந்தன.

வெள்ளிக்கிழமை முற்பகல். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, ஜும்மாவுக்கு இன்னும் நேரம் இருந்ததால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ருகையா டீ கொண்டுவந்தாள். திரையை ஒதுக்கிவிட்டு நிலைக்கதவிலேயே நின்றாள்.

"இந்த வேக்காட்டுல ஃபேன ஏன் நிறுத்தி வச்சிக்கிறீங்க?"

"தாளு பறக்குது."

அவள் தரையைப் பார்த்தாள். நெற்றியைச் சுருக்கினாள்.

"அஞ்சுக்குப் பக்கத்துல எப்பிடி ஒம்பத வச்சிக்கிறீங்க? அங்க ரெட்டைதானே வரணும்?"

ஹாமிது நிமிர்ந்தார். காதில் விழுந்தது சரிதானா என்று ஒரு நொடி பிடித்தது. "ஒம்பது இல்ல, ஆறு. நீ அந்தப் பக்கம் நிக்கிறா, தலகீழாத் தெரியுது."

"ஆறா?" என்றவள் டீயோடு உள்ளே வந்து, தாள்களைச் சுற்றிக்கொண்டு அவர் பக்கமாக நின்றாள். பட்டப்பகலில் அவள் முன்னறையின் இந்த மூலைவரை வந்தது அவருக்கு ஞாபகத்தில் இல்லை. "ஆமா, ஆறுதான். அப்பம் சரி."

"அங்க ரெட்டை வரணும்னு ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"ஊருக்கே கேக்கிற மாதிரி போனப் போட்டா? சோறு வடிக்கும்போது மண்டைக்குள்ள அதுதான் ஓடுது. அஞ்சு நடுவுல, சுத்தி ரெட்டையும் ஒத்தையும் மாறிமாறி. அதுக்கு மேல எனக்கு ஓடல." டீயை நீட்டினாள். "நீங்க எதுவரைக்கும் வந்துட்டீங்க?"

அவர் சொன்னார். நான்காம் இடம், எட்டாம் இடம், மூன்றின் கணக்கு, பத்து எண்கள். சொல்லச் சொல்ல அவள் தலையாட்டவில்லை, ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். ஓரிடத்தில் "இருங்க, இருங்க. அது ஏன் நாலு வரக்கூடாது?" என்று மறித்தாள். அவர் முப்பத்து நான்கை வகுத்துக் காட்டியதும், "ஓ" என்று விட்டுவிட்டாள்.

"இனி ஏழு ஒண்ணுதானா?"

"ஏழு ஒண்ணுதான்."

"அதுக்கு என்ன வழி?"

"வழி இல்ல. பத்தையும் வகுத்துப் பாக்கணும்."

"வகுத்தீங்களா?"

அவர் டீயைப் பார்த்தார். ஆடை படிந்திருந்தது.

"செவ்வாக்கெழமையில இருந்து இந்தத் தாளு இங்கனயே கெடக்குது" என்றாள் ருகையா. "நான் விடியக்காலம் பெருக்க வரும்போதெல்லாம் ஒதுங்கிப் பெருக்கிட்டுப் போறேன். நீங்க வகுக்கத் தெரியாம உக்காந்து இல்லியே?"

அவர் டம்ளரை நாற்காலிக்குக் கீழே வைத்தார்.

"போவணும்னு இக்கிதா?"

"நீதானே பெட்டிய எறக்கணுமான்னு கேட்டா" என்றார். குரல் அவர் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

"கேட்டேன். எறக்குனேனா?" அவளுக்கும் குரல் ஏறியது. "முப்பது வருசமா அத ஒண்ணத்தான் கேட்டுக்கிட்டு இக்கிறேன், எறக்கணுமா, எறக்கணுமான்னு. ஒரு தடவயாச்சும் வேண்டாம்னு சொன்னீங்களா? நான் வேண்டாம்னு சொல்லக்கூடாது. நீங்க சொல்லலாம்ல?"

பின்பக்கம் முடுக்குக் கதவு தட்டுகிற சத்தம். "ருகையா லாத்தா! லாத்தோய்!" என்று ஒரு குரல். அண்டைவீட்டுப் பெண்கள் வருகிற நேரம். "உள்ள போயி உக்காருங்க, வாரேன்" என்று ருகையா இங்கிருந்தே குரல் கொடுத்தாள். உள்ளே யாரோ ஒருத்தி வியப்போடு, "லாத்தா மாப்பிள்ள ரூம்லயா இக்கிறாஹ?" என்று கேட்டது இருவருக்குமே கேட்டது.

ருகையா தரையில் உட்கார்ந்தாள். ஒன்பதாந்தேதித் தாளைத் திருப்பிப் போட்டு, அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவைத் தானே எடுத்தாள்.

"சொல்லுங்க. மொத எண்."

அவர் சொன்னார். பள்ளிக்கூடத்தில் படித்த மாதிரி பக்கத்தில் ஏழாம் வாய்ப்பாட்டை ஒருதரம் எழுதிவைத்துக்கொண்டு அவள் வகுத்தாள். முணுமுணுப்பு, ஒரு கோடு, ஒரு கழித்தல். அவள் இரண்டாவது இலக்கத்தில் இருக்கும்போதே ஹாமிதுவுக்கு மனசில் விடை வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு இருந்தார்.

"அஞ்சு மிஞ்சுது" என்றாள். "அடுத்தது."

அடுத்ததில் ஆறு மிஞ்சியது. அதற்கடுத்ததில் இரண்டு. மறுபடியும் இரண்டு. ஒவ்வொரு மீதிக்கும் அவள் நாக்கை "ச்சு" என்று தட்டினாள். அவர் எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பது சரியில்லை என்று பட்டு, அவரும் வெள்ளைச் சட்டையோடு கீழே இறங்கி உட்கார்ந்தார். பந்தயம் என்னவென்று அவளுக்குத் தெரியும். விடை வந்துவிட்டால் அவர் போகமுடியாது என்பது தெரியும். தெரிந்துகொண்டுதான் வகுக்கிறாள். தடுக்கக்கூடாத வாயால் ஒரு சொல் சொல்லாமல், ஏழாம் வாய்ப்பாட்டை மட்டும் சொல்லிக்கொண்டு வகுக்கிறாள்.

"மூணு, எட்டு, ஒண்ணு, ஆறு, அஞ்சு, நாலு, ஏழு" என்று அவர் அடுத்த எண்ணைச் சொன்னார்.

"முப்பத்தெட்டுல ஏழஞ்சு முப்பத்தஞ்சு. மூணு. முப்பத்தொண்ணு, ஏழுநாலு இருபத்தெட்டு. மூணு. முப்பத்தாறு, ஏழஞ்சு முப்பத்தஞ்சு. ஒண்ணு. பதினஞ்சு, ஏழுரெண்டு பதினாலு. ஒண்ணு. பதினாலு." பேனா நின்றது. "பதினாலு, ஏழுரெண்டு பதினாலு. ஒண்ணுமில்ல." கடைசி ஏழைக் கீழே இறக்கினாள். "ஏழு. ஓரேழ் ஏழு."

இருவரும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மீதி இல்ல" என்றாள், மெல்ல.

"இல்ல."

"பின்னால என்ன வரும்?"

"ரெண்டு. அப்புறம் ஒம்பது. முப்பத்தெட்டு கோடியே பதினாறு லட்சத்து அம்பத்துநாலாயிரத்து எழுநூத்தி இருபத்தொம்பது."

"அனுப்புங்க."

அவர் போனை எடுத்தார். கண்ணாடியைத் தேடினார். அது தலைமேலேயே இருந்தது. ஒவ்வொரு இலக்கமாகத் தட்டினார். ருகையா தாளில் விரல்வைத்துச் சரிபார்த்துக்கொண்டு வந்தாள். அனுப்பினார். பார்த்துவிட்டான் என்பதற்கு இரண்டு கோடும் நீலமாயின. ஒன்றும் வரவில்லை. பிறகு போனே அடித்தது. பழக்கத்தில் கை ஸ்பீக்கரைத்தான் அமுக்கியது.

"காக்கா" என்றான் சொரிமுத்து. "அவுத்துட்டிய."

"அவுத்தாச்சில."

"ஜும்மா நேரம் நெருங்கியும் பதில் வரலன்னதும் எனக்கு ஒரு இது. சரி, மாட்டிக்கிட்டாரு மனுசன்னு நெனச்சேன். ஒங்க கட்டிலுக்குப் புதுசா பெட்ஷீட்டுகூட விரிச்சிட்டேன், பாத்துக்கிடுங்க." சிரித்தான். சிரிப்பு சீக்கிரம் முடிந்துவிட்டது. பின்னணியில் அறையின் ஏசி இரைகிற சத்தம் மட்டும் கேட்டது. "ஏழ எப்பிடி வகுத்திய? பத்தையுமா?"

"நான் வகுக்கல. வீட்ல வகுத்தா."

"மைனியா?" அவன் ஒருதரம் கனைத்துக்கொண்டான். "அப்பம் சரிதான் காக்கா. அப்பம் நான் மொதலாளிட்ட சொல்லிருதேன்."

"ஏலே சொரி..."

"வைக்கேன் காக்கா. குளிக்கணும்."

ஹாமிது போனை மடியில் வைத்துக்கொண்டார். அந்தக் கட்டிலும், சுருக்கமில்லாமல் விரித்த பெட்ஷீட்டும், அதன் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிற ஒருத்தனும் கண்முன் வந்து நின்றார்கள். ஊரில் அவனுக்கு அம்மாவும் இல்லை, பெண்டாட்டி கோவித்துக்கொண்டு போய் வெகுகாலம். விடை தெரிந்த கணக்கைப் போட்டுவிட்டு, அவிழ்க்கக்கூடாது என்று காத்திருந்திருக்கிறான்.

"பாவம், அவஹ தனியாத்தான் இருப்பாஹளா?" என்று கேட்டாள் ருகையா, எழுந்தபடி.

"ஆமா."

"அடுத்த லீவுக்கு நம்ம வீட்டுக்கு வரச் சொல்லுங்க" என்றாள். குனிந்து தாள்களைப் பொறுக்கினாள். அவள் வகுத்த தாளை மட்டும் தனியாக மடித்துத் தலையணைக்கடியில் வைக்கப் போனாள். என்ன நினைத்தாளோ, அதையும் மற்றவற்றோடு சேர்த்துவிட்டாள். திரைக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள்.

உள்ளே பேச்சு மறுபடி தொடங்கியது. என்னென்னவோ கேட்டார்கள். ருகையா ஏதோ சொன்னாள். எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். தன்னைப் பற்றித்தானா, கணக்கைப் பற்றியா, மீனைப் பற்றியா, ஹாமிதுவுக்குத் தெரியவில்லை. இத்தனை நாளில் அந்தச் சிரிப்பை அவர் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார். ஒருதடவையும் கேள்வி கேட்டதில்லை.

"என்ன சிரிப்பு?" என்றார், இங்கிருந்தே, உரக்க.

உள்ளே சத்தம் அடங்கியது. யாரோ ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு களுக்கென்றாள். "லாத்தா, மாப்பிள்ள கேக்கிறாஹ. சொல்லட்டுமா?"

"வேண்டாம், வேண்டாம்" என்றது ருகையாவின் குரல். "அது பொம்பளைங்க பேச்சி. அவஹளுக்கு எதுக்கு?"

மறுபடியும் சிரிப்பு. தெருவில் ஜும்மாவுக்குப் போகிறவர்களின் செருப்புச் சத்தம் ஒவ்வொன்றாகக் கடந்து போயிற்று. பாங்குக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. ஹாமிது எழுந்து நாற்காலியை நிலைக்கதவுக்குக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு, அங்கே உட்கார்ந்தார்.